கோழிக் கொட்டகையில் பதின்மூன்று ஞாயிறு

1991-ஆம் ஆண்டு ஜூலை மூன்றாவது ஞாயிறு முதல் அக்டோபர் இரண்டாவது ஞாயிறு வரை, மொத்தம் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், நான் ஒரு ஹெவி மெட்டல் குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. குழுவில் எனக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்து நான்கு. இதைச் சொன்னால் என் மகள் இன்றும் சிரிக்கிறாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை. யாரும் எடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில், வண்டிக் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் ஷாப்பிலிருந்து வரும் கீல்களை அளந்து பார்ப்பது என் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, தவறினால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். கேன்டீனில் என் மேஜையில் ஆறு நாற்காலிகள் உண்டு. அவற்றில் ஐந்து காலியாகவே இருக்கும். பதினோரு வருடங்கள் அப்படித்தான் சாப்பிட்டேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. திண்டுக்கல் பக்கம் மாற்றல் ஆகி மகளோடு அங்கே இருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் போவேன். மற்ற நாட்களில் ஸ்ரீபெரும்புதூரில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு கிட்டார்.

கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவோடு கல்யாணங்களுக்குப் போய் வாசித்தபோது வாங்கியது அது. கல்கத்தாவில் செய்த எலக்ட்ரிக் கிட்டார். அதற்கு நான்காவது தந்தி அடிக்கடி அறுந்துவிடும் என்பதால் எப்போதும் மூன்று தந்திகள் கூடுதலாக வைத்திருப்பேன். அறையில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஒரு மாலை, அளவுக் கருவி அலமாரியின் சாவி கேட்டு நான் தங்கியிருந்த அறைக்கு வந்த ஒரு டிரெயினி இன்ஜினியர் சுவரில் சாய்த்திருந்த கிட்டார்ப் பெட்டியைப் பார்த்தான். பிரஸ்ஸுக்கு அச்சு செய்யும் டை ஷாப்பில் பயிற்சிக்கு வந்தவன், சென்னைப் பையன், தலைமுடி காதை மறைக்கும்.

"சார், இது உங்களுதா? வாசிப்பீங்களா சார்?"

"கொஞ்சம்."

"எவ்ளோ கொஞ்சம் சார்?"

"ரிதம் வாசிப்பேன். லீட் வராது."

"எங்களுக்கு ரிதம்தான் சார் வேணும். இருந்தவன் போன வாரம் ஓசூருக்கு ஓடிட்டான்."

அந்த வார ஞாயிறு வல்லக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு இறங்கி, அவர்களை விட்டுப் பிரிந்து, வயல் வரப்பில் ஆயிரத்து நூறு அடி நடந்தால் அந்தக் கொட்டகை. யாரோ கோழிப் பண்ணை வைத்து நஷ்டப்பட்டுக் கைவிட்ட இடம். பக்கச் சுவர் இடுப்பளவுதான், மேலே கம்பி வலை. தரையில் உமி. கோழிகள் போய் இரண்டு வருடம் ஆகியும் வாடை போகவில்லை. ஆனால் அங்கே மின்சாரம் இருந்தது, சத்தம் போட்டால் கேட்க ஆளில்லை. அதனால்தான் பிடித்திருந்தார்கள்.

ஹெவி மெட்டல் என்றால் என்ன என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவர்கள் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். பேரிங் கெட்டுப்போன இயந்திரம் ஓடுவதுபோல இருந்தது. ஆனால் உற்றுக் கேட்டால் அதற்குள் கணக்கு இருந்தது. நான்கு நான்காகப் போய்க்கொண்டிருப்பது திடீரென்று ஏழாகும், மறுபடி நான்காகும். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை அந்தப் பையன் பார்த்துவிட்டான்.

"சார் எண்றாருடா!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டான்.

அதுதான் என் இடமாயிற்று. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. அதன் நடுவில் எல்லோரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, ஏழு தாள அடி மௌனமாக இருந்து, எட்டாவதில் ஒன்றாக விழ வேண்டும். நான் வருவதற்கு முன் ஒருமுறைகூட அவர்கள் ஒன்றாக விழுந்ததில்லை. ஒருவன் ஆறில் விழுவான், ஒருவன் ஒன்பதில் விழுவான், பிறகு சண்டை. நான் மௌனத்தில் தலையசைத்து எண்ணினேன். எல்லோரும் என் தலையைப் பார்த்து விழுந்தார்கள். முதல் தடவை சரியாக விழுந்தபோது, டிரம்ஸ் வாசித்தவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்னை யாரும் தொட்டே ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதை அன்று ராத்திரிதான் கணக்குப் பார்த்தேன்.

எனக்கு எப்போதும் கவலைதான். வல்லக்கோட்டைப் பேருந்து வருமா என்று கவலை, ஃபியூஸ் போகுமா என்று கவலை, மழை வந்தால் வரப்பில் வழுக்குமா என்று கவலை. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை மின்னழுத்தம். சுற்றிலும் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் அழுத்தம் விழுந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் முனகும், கிட்டார் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வரும். ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து மீட்டர் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு வோல்ட். பம்ப்செட்டுகள் நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்படி பயிற்சியைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். நான் சொல்லி யாராவது கேட்டது அதுதான் அந்த வருடத்தில் முதல் முறை.

அந்த மே மாதத்தில் எங்கள் ஊரில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் சாலையில் போலீஸ் நின்றது. கிட்டார்ப் பெட்டியைப் பார்த்தால் இறக்கிவிடுவார்கள். பதின்மூன்று ஞாயிறுகளில் ஒன்பது முறை பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறேன்.

"இன்னாய்யா இது?"

"கிட்டார் சார்."

"வாசி, பாக்கலாம்."

சாலையோரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து வாசித்தேன். ஆம்ப்ளிஃபையர் இல்லாததால் கான்ஸ்டபிள் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"இவ்ளோதானா? கொசு பாட்ற மாதிரி கீது. போ, போ."

பேருந்து போயிருக்கும். அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து.

நான் சேர்ந்த குழு, நான் சேர்ந்த ஐந்தாவது வாரத்திலேயே இல்லை. பாஸ் கிட்டார் வாசித்தவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவன் இடத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் பார்க்கிற ஒருவன் வந்தான். எட்டாவது வாரம் டிரம்ஸ் வாசித்தவனின் அப்பா வந்து அவனை அழைத்துப் போய்விட்டார். என் கையைக் குலுக்கியவன் அவன்தான். குழுவின் பெயர் மூன்று முறை மாறியது. பாடுவதும் லீட் வாசிப்பதும் அந்த டிரெயினிப் பையன். அவன் மட்டும்தான் முதலிலிருந்து கடைசிவரை. பதின்மூன்று ஞாயிறுகளில் என்னையும் சேர்த்து ஆறு பேர் அந்தக் கொட்டகையில் வாசித்திருக்கிறோம். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருந்ததில்லை.

புதிதாக வந்த டிரம்ஸ்காரன் குன்றத்தூரிலிருந்து சொந்த மோட்டார் சைக்கிளில் வருவான். கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகும். அவனுக்காகப் பாட்டுகளை வேகமாக்கினார்கள். பிறகு இன்னும் வேகமாக்கினார்கள். இப்போதெல்லாம் வெளிநாட்டில் இப்படித்தான் வாசிக்கிறார்கள் என்றான். எனக்கு வெளிநாடு தெரியாது. என் வலது மணிக்கட்டு நிமிடத்துக்கு நூற்று நாற்பது அடிவரை தாங்கும் என்று தெரியும். அவன் நூற்று எண்பதில் போனான். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். அறைக்கு வந்து தினமும் காலை ஐந்தேகால் முதல் ஆறேகால்வரை பயிற்சி செய்தேன். நூற்று ஐம்பத்திரண்டுவரை வந்தது. அதற்கு மேல் மணிக்கட்டு மரத்துவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. பதினோராவது ஞாயிறு, ஏழு அடி மௌனத்தில் நான் வழக்கம்போல எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் நிறுத்தினான்.

"சார், தலைய ஆட்டாதீங்க சார். எனக்குக் குழம்புது."

"நான் எண்றேன்."

"நீங்க எண்ணுங்க சார், வேணான்னு சொல்லல. உள்ளுக்குள்ள எண்ணுங்க. நான் உடம்புல பிடிச்சிருவேன்."

டிரெயினிப் பையன் தந்தியைத் திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று திரும்பி வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது: அவர்கள் என்னைப் போகச் சொல்லவில்லை, ஆனால் இனி நான் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் தொழிற்சாலையில் பிற்பகல் நிகழ்ச்சியில் இருபது நிமிடம் வாசிக்க டிரெயினிப் பையன் அனுமதி வாங்கியிருந்தான். ஒரு சினிமாப் பாட்டு, இரண்டு சொந்தப் பாட்டு என்று பேச்சு. மேடையில் ஒருமுறை அவர்களோடு நின்று சரியாக வாசித்துவிட்டால், பிறகு என்னை விலக்குவது அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் எனக்குப் போக ஓர் இடம் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று காலை ஏழரைக்கே போய்விட்டேன். கிட்டாரை இன்ஸ்பெக்‌ஷன் அறையில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குச் சரியான பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்க்க மேடைப் பக்கம் போனேன். அங்கே பந்தல்காரரோடு வாக்குவாதம். எர்த் வயர் சரியில்லை என்று நான் சொல்ல, அதெல்லாம் ஓடும் சார் என்று அவர் சொல்ல, ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

திரும்பி வந்தபோது பிரஸ் ஷாப்பில் பூஜை தொடங்கிவிட்டிருந்தது. கழுவித் துடைத்த இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பட்டையும் பொட்டும். பெரிய பிரஸ்ஸின் முன்னால் சாமி படம், அதன் முன்னே மரப்பலகையில் கருவிகள்: ஸ்பேனர்கள், சுத்தியல்கள், கிரீஸ் கன், கீல் அளக்கும் என்னுடைய இரண்டு வெர்னியர். நடுவில் நிமிர்த்தி வைத்த என் கிட்டார். அதன் உடம்பில் மூன்று விரலால் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். கழுத்தில் சாமந்திச் சரம். தந்தி முறுக்கும் திருகாணி ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. ஆறு பொட்டுகள். கற்பூரம் அப்போதுதான் காட்டி முடித்திருந்தார்கள்.

மூத்த ஆபரேட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம், பிரஸ்ஸில் பன்னிரண்டு வருட சர்வீஸ். அவருடைய கீல்களுக்கு நான் ஒட்டிய சிவப்புச் சீட்டுகளுக்குக் கணக்கு என் ரிஜிஸ்டரில் உண்டு. என்னிடம் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், எல்லாருது ஆயுதமும் வெச்சிகினு உன்னுத மட்டும் மூட்டை கட்டி மூலைல போட்டு வெச்சிகினு கீற? நான்தான் பசங்கள விட்டு எடுத்தாரச் சொன்னேன். எப்டி கீது?"

நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. கல்யாண மேடைகளில்கூட அதற்கு யாரும் பூ வைத்ததில்லை. ஒருவர் எனக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தார். அவர்களோடு நின்று தின்றேன். ஐந்து பேர், நான் ஆறாவது.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியில்தான் எடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பாடப் புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு அன்று முழுவதும் படிக்காமல் திரிந்தவர்கள்தானே நாம் எல்லோரும். எனக்கு அது சுண்டலைத் தின்று முடிக்கும்போதுதான் உறைத்தது. கையைக் கைக்குட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டேன். அது பயத்தாலா என்று அன்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

மூன்றரை மணிக்கு டிரெயினிப் பையன் ஓடிவந்தான். பின்னால் டிரம்ஸ்காரனும் பாஸ்காரனும்.

"சார், டைம் ஆச்சு. கிட்டார் எங்க சார்?"

காட்டினேன். மூவரும் பார்த்தார்கள். பாஸ்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"எடுத்துட்டு வாங்க சார், தொடச்சிக்கலாம்."

"பூஜைல வெச்சிட்டாங்க. நாளைக்குத்தான் எடுக்கணும்."

"சார், இன்னிக்கு ப்ரோக்ராம் சார்."

"எனக்குத் தெரியும்."

மூத்த ஆபரேட்டர் பக்கத்தில் வந்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் மாறியது.

"ஐய, இன்னா சார் இது! வாசிக்கத்தானே எடுத்தாந்த? எடு சார். நான் ஒரு கற்பூரத்த ஏத்தி சாமிகிட்ட சொல்லிக்கிறேன். அது இன்னா கோச்சிக்கவா போவுது? நம்ம சாமி சார் அது."

"வேண்டாம்."

"இன்னா வேணாம்? எங்க இன்ஸ்பெக்‌ஷன் சாரு கிட்டாரு வாசிக்கப் போறாருன்னு வூட்ல சொல்லி எல்லாரையும் இட்டாந்துகீறேன் சார். அதோ பாரு, மொத வரிசைல."

பார்த்தேன். திறந்த கதவு வழியே மேடைப் பந்தல் தெரிந்தது. அவர் மனைவி, இரண்டு மகள்கள், மடியில் பேரனோடு ஒரு மருமகள். நால்வரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனம் மேலாகத்தான் காய்ந்திருந்தது. துடைக்க ஒரு நிமிடம் போதும். பூவைக் கழற்ற அரை நிமிடம். டிரம்ஸ்காரனின் கைகளைப் பார்த்தேன். தொடையில் குச்சிகளால் தட்டிக்கொண்டிருந்தான். நூற்று எண்பது.

"வழக்கத்த மீற வேண்டாம்" என்றேன். "நீங்க வாசிங்க. நாளைக்கு எடுத்துக்கிறேன்."

டிரெயினிப் பையன் என்னை ஒரு கணம் பார்த்தான். "நிச்சயமா சார்?" என்றான். தலையசைத்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருடம் அது நினைவில் இருந்திருக்காது.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சினிமாப் பாட்டுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் பல குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. ஒரு கிழவி எழுந்து போய்விட்டாள். நடுவில் அந்த மௌனம் வந்தது. நான் எண்ணினேன். அவர்கள் எட்டில் விழவில்லை, ஏழிலேயே விழுந்துவிட்டார்கள். ஆனால் மூவரும் ஒன்றாக விழுந்தார்கள், ஒரு மயிரிழை பிசகாமல். அங்கே இருந்த நானூறு பேரில் ஓர் அடி குறைந்தது என் ஒருவனுக்குத்தான் தெரியும். யாரிடம் போய்ச் சொல்வது? வாசித்து முடித்ததும் மூன்று பேரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னார்கள். மேடையில் நான்காவது ஆளுக்கு இடம் விட்டுத்தான் நின்றிருந்தார்களோ என்று உற்றுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. வாட்ச்மேன் பிரஸ் ஷாப்பைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். பூஜையில் வைத்த கருவியை எடுத்ததும் அதைக் கொண்டு கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும், அதுவும் வழக்கம்தான். முதலில் வெர்னியரை எடுத்து ஒரு கீலை அளந்தேன். சரியாக இருந்தது. பிறகு கிட்டாரை மடியில் வைத்தேன். சந்தனம் தந்திகளுக்கு அடியில் கல்லாக இறுகிவிட்டிருந்தது. வால்யூம் குமிழ் திரும்பவில்லை. இருபத்திரண்டு பிரஸ்களுக்கு நடுவில், உடைத்த பூசணிக்காய்ப் பக்கத்தில், அந்தப் பாட்டின் ரிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். நூற்று இருபதில். மௌனத்தில் முழுதாக ஏழு எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு வல்லக்கோட்டைக்குப் போகவில்லை. யாராவது ஆள் அனுப்பினால் போகலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு நாலு மணிவரை அறையில் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை டிரெயினிப் பையன் அளவு பார்க்கும் கேஜ் வாங்க வந்தான். அன்று சார் இல்லாமல் கஷ்டமாக இருந்தது என்று மரியாதைக்குச் சொன்னான். மூன்று பேராகவே நன்றாகப் போகிறது என்பதையும் சொன்னான், அதைச் சொல்கிறோம் என்பது தெரியாமலே. நல்லது என்றேன். கேஜுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தை மாதத்துக்குள் அவன் பயிற்சியும் முடிந்து போய்விட்டான். குழு என்ன ஆயிற்று என்று தெரியாது.

அதே திங்கட்கிழமை மூத்த ஆபரேட்டரின் தட்டு வந்தது. நூறு கீல்களில் பதினெட்டு அளவு மீறியவை. சிவப்புச் சீட்டை எடுத்தேன். அவர் போகாமல் நின்றார்.

"ஒண்ணு சொல்றேன் சார், தப்பா எடுத்துக்காத. வாசிக்க பயமா கீதுன்னா பயமா கீதுன்னு சொல்லிட்டுப் போ. நாங்க இன்னா சிரிக்கவா போறோம்? அதுக்கு எதுக்கு சாமி மேல போட்ற?"

சீட்டில் எண்ணிக்கை எழுதினேன். பதினெட்டு என்பதைப் பதினாறு என்று எழுதிவிட்டேன். என் சர்வீஸில் நான் தப்பாக எழுதிய எண் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு சார்" என்றார்.

திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அந்தத் தொழிற்சாலையில் பதினைந்து ஆயுத பூஜைகள் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் பலகையில் கருவிகளை அடுக்கும்போது அவர் என் அறை வாசலில் நின்று, "கிட்டாரு எடுத்தாந்தியா சார்?" என்று கேட்பார். இல்லை என்பேன். வெர்னியர்களை மட்டும் எடுத்துப் போவார். ஒன்பது வருடம் கேட்டார். பத்தாவது வருடம் அவர் ரிடையராகிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு என்னிடம் கிட்டார் இருப்பதே தெரியாது.